மூன்று ஊசிக்கும் நிற்காத சினை: கோளாறு மாட்டிலா, மணிக்கணக்கிலா?

மலேசியாவின் பினாங்கு மாநிலம், நிபோங் திபால் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 34. மாமனார் நடத்திவந்த மாட்டுக் கொட்டகை இரண்டு ஆண்டுகளாக இவர் பொறுப்பில். மொத்தம் 14 உருப்படி, அதில் 9 கறவை. பகலில் தொழிற்சாலை வேலை, விடியலிலும் மாலையிலும் கொட்டகை.

கவலை இரண்டு மாடுகளைப் பற்றியது. முதலாவது செவலை. ஃப்ரீசியன் சாஹிவால் கலப்பு, இரண்டு ஈத்து ஈன்றது. மார்ச் முதல் மூன்று முறை சினை ஊசி (காளை விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) போட்டும் நிற்கவில்லை. மே 25 அன்று நாலாவது ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டாவது லட்சுமி, 26 மாதக் கிடாரி. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்தவள். "ராசியான கன்று" என்று சொல்லி வியாபாரி விற்றிருக்கிறார். இன்றுவரை ஒரு முறைகூடப் பருவத்துக்கு வரவில்லை.

கருவில் குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் நுண்பொருள்) கோளாறு இருந்தால் சினை நிற்காது என்று கைப்பேசியில் படித்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. செவலையின் வம்சமே கெட்டதா, பாலைக் குடிக்கலாமா, கருவை எடுத்துச் சோதிக்க முடியுமா என்று கேட்கிறார். ஆய்வகத்தில் உருவாக்கிய கருவை வாங்கி வைக்கலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இரண்டையும் தள்ளிவிடச் சொல்கிறார் கொழுந்தனார். கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார். கடிதத்தோடு கொட்டகை நோட்டின் ஒரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்.

சகோதரி, வீட்டில் பிள்ளைகள் குடிப்பதால் பால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவில் குரோமோசோம் கூடினாலும் குறைந்தாலும் அது அந்தக் கருவோடு முடிந்தது. தாயின் பாலுக்கு அதனால் எந்தக் கெடுதலும் வராது. பாலில் நீங்கள் பயப்பட வேண்டியது வேறு: கன்று வீச்சு (கருச்சிதைவு) நோயை உண்டாக்கும் புருசெல்லா கிருமி. அது பெரும்பாலும் ஐந்து மாதச் சினைக்குப் பிறகு கன்றை வீசச் செய்யும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் பச்சைப் பால் வழியாக மனிதருக்குத் தொற்றும் நோய் என்பதால், பொங்கக் காய்ச்சாத பாலை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

மாமியார் சுற்றிப் போடட்டும். அது வீட்டு வழக்கம், மாட்டுக்கும் கெடுதல் இல்லை. ஆனால் பதில் உங்கள் நோட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படிக்க, கருவுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

கரு எங்கே தவறுகிறது

மாட்டுக்கு 60 குரோமோசோம். முட்டையிலிருந்து 30, விந்தணுவிலிருந்து 30. முட்டை தன்னிடம் உள்ளதைப் பாதியாக்கும்போது ஒன்று கூடவோ குறையவோ பிரிந்துவிடலாம். ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணு நுழைந்துவிட்டால் எண்ணிக்கை 90 ஆகிவிடும். இந்த இரண்டும் நடக்காவிட்டாலும் முதல் பிளவிலேயே தவறு வரலாம். விந்து சேர்ந்த முட்டைக்குள் தாய் வழி வந்தவை ஓர் உருண்டையாகவும், தந்தை வழி வந்தவை இன்னோர் உருண்டையாகவும் தனித்தனியே இருக்கும். இரண்டு உருண்டையும் ஒட்டி நிற்கும் பக்கத்தில் எல்லாக் குரோமோசோம்களும் வந்து கூடினால்தான் பிளவு சுத்தமாக நடக்கும். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் மாட்டுக் கருக்களை உயிரோடு நுண்ணோக்கியில் படம் பிடித்து, 2021இல் இதை வெளியிட்டார்கள். பல கருக்களில் இப்படி ஒன்றுகூடுவது அரைகுறையாகவே நடக்கிறது. பின்தங்கி நிற்பவை பிளவின்போது தவறிப்போகின்றன. மனிதக் கருவும் மாட்டுக் கருவைப் போலவே நடந்துகொள்வதால்தான் அவர்கள் மாட்டு முட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, மாடு நன்றாக இருந்து, விந்தும் நன்றாக இருந்து, கரு மட்டும் கெட்டுப்போக முடியும். அது அந்த ஒரு முட்டைக்கு நேர்ந்த விபத்து. அடுத்த பருவத்தில் வருவது வேறு முட்டை. "வம்சமே கெட்டது" என்ற பயத்துக்கு இதில் இடமில்லை.

கெட்ட கரு உடனே சாவதுமில்லை. முதல் சில நாள் முட்டைக்குள் தாய் சேர்த்து வைத்த சரக்கை வைத்தே கரு ஓடுகிறது. 8 முதல் 16 செல் ஆகும்போது, ஏறக்குறைய நாலாம் நாள், தன் சொந்த மரபணுக்களைக் கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். கணக்கு தவறிய கருக்களில் நிறைய அங்கேயோ அதற்குச் சற்றுப் பின்னரோ நின்றுவிடும். தப்பியவை ஏழு எட்டு நாளில் நீர் நிறைந்த சிறு குமிழாகி, 13ஆம் நாளுக்குமேல் நூல்போல் நீளும். 15 முதல் 17ஆம் நாளுக்குள் "நான் இருக்கிறேன்" என்று தாய்க்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தி போகாவிட்டால் மாடு வழக்கம்போல் 18 முதல் 24 நாளுக்குள் மறுபடி பருவத்துக்கு வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஊசியே பிடிக்காததுபோல் தெரியும்.

நல்ல நேரத்தில் ஊசி போட்ட ஆரோக்கியமான மாட்டில் பத்து முட்டைக்கு ஒன்பது கருவாகிறது. ஆனால் கன்றாக வருவது ஐந்தோ ஆறோதான். கறவை அதிகமுள்ள மாட்டில் இன்னும் குறைவு. இழப்பில் பெரும்பங்கு 8ஆம் நாளிலிருந்து 16ஆம் நாளுக்குள். ஓர் ஊசிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், எந்தக் குறையும் இல்லாத எட்டு மாட்டில் ஒன்று மூன்று ஊசியையும் தவறவிடும். உங்களிடம் ஒன்பது கறவை இருக்கிறது.

உங்கள் நோட்டு சொல்வது

நீங்கள் எழுதியிருப்பது இது: மார்ச் 5 மாலை 7 மணி பருவம், மறுநாள் பகல் 1 மணி ஊசி. மார்ச் 27 மாலை 7.15, மறுநாள் 12 மணி ஊசி. மே 3 மாலை 6.50, மறுநாள் 2 மணி ஊசி. மே 24 மாலை 7.20, மறுநாள் 1 மணி ஊசி. இடைவெளி 22, 37, 21 நாள்.

நாலு முறையும் மாடு மாலை ஏழு மணியை ஒட்டியே பருவத்துக்கு வந்திருக்குமா? அது நீங்கள் வேலையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற நேரம். விடியலில் கறவை அவசரம், மாடு கட்டிலேயே நிற்கிறது. கட்டில் நிற்கும் மாடு இன்னொரு மாட்டைத் தாண்டவும் முடியாது, தாண்ட விட்டு நிற்கவும் முடியாது. சாஹிவால் ரத்தம் கலந்த மாடுகள் பருவத்தைக் குறைந்த நேரமே காட்டும், அதுவும் பெரும்பாலும் இரவில்.

கணக்கைப் பாருங்கள். முட்டை வெளிவருவது பருவம் தொடங்கி ஏறக்குறைய 28 மணி நேரத்தில். வெளிவந்த முட்டைக்கு நல்ல ஆயுள் 6 முதல் 10 மணி நேரம். விந்தணு உள்ளே போய்த் தயாராக 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். பருவம் மாலை ஏழுக்குத்தான் தொடங்கியது என்றால் மறுநாள் பகல் 1 மணி ஊசியில் பெரிய பழுதில்லை. விடியல் 5 மணிக்கே தொடங்கியிருந்தால், முட்டை மறுநாள் காலை 9 மணிக்கு வந்துவிட்டது. 1 மணிக்குப் போட்ட விந்து தயாராவதற்குள் இரவு எட்டாகிவிடும். முட்டை கிழடாகிவிட்டது. அப்போதுகூடக் கரு உண்டாகலாம், சிக்கலே அதுதான். கிழட்டு முட்டையில் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைகள் தளர்ந்துபோகும். இரண்டாவது விந்தணுவைத் தடுக்கும் காவலும் பலவீனமாகும். நீங்கள் படித்துப் பயந்த குரோமோசோம் கோளாறு உங்கள் கொட்டகைக்குள் நுழையக்கூடிய நேர்வழி இது. வம்சத்தை மாற்ற முடியாது, ஊசி நேரத்தை மாற்றலாம்.

அந்த 37 நாள் இடைவெளியை இரண்டு விதமாகப் படிக்கலாம். கரு 16ஆம் நாளைத் தாண்டி வாழ்ந்து பிறகு இறந்திருக்கலாம். அல்லது நடுவில் 18, 19ஆம் நாளில் வந்த ஒரு பருவம் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். மாலையில் மட்டும் பார்க்கும் கொட்டகை என்பதால் இரண்டாவதையே நான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

இனி செய்ய வேண்டியது

நேரம். விடியல் 6, மதியம், இரவு 9.30 என மூன்று வேளை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் மாட்டைப் பாருங்கள். மதியம் மாமனாரால் முடியுமா என்று கேளுங்கள். அவர் கண்ணுக்குத் தப்பாது. காலையும் மாலையும் அரை மணி நேரம் கட்டவிழ்த்து விடுங்கள். பிறப்புறுப்பில் வடியும் வழும்பும் கத்தலும் அறிகுறிகள்தான், உறுதியானது தாண்ட விட்டு அசையாமல் நிற்பது ஒன்றே. அந்த மணியைத்தான் நோட்டில் எழுத வேண்டும். 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் வகுத்த விதியே இன்றும் போதும்: காலையில் நின்றால் அன்று மாலை ஊசி, மாலையில் நின்றால் மறுநாள் காலை எட்டுக்குள் ஊசி. இரவே ஊசி போடுபவருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் வரும்போது 35 முதல் 37 டிகிரி சூட்டில் ஒரு பிளாஸ்கில் தண்ணீரும் ஒரு வெப்பமானியும் தயாராக வைத்திருங்கள். விந்துக் குச்சி அதில் 30 முதல் 45 விநாடி இருக்க வேண்டும், எடுத்த 15 நிமிடத்துக்குள் மாட்டுக்குள் போக வேண்டும். சட்டைப்பையில் வைத்து உருக்குவது வேண்டாம்.

மூன்று வேளை பார்க்க ஆள் இல்லாவிட்டால், மருந்து கொடுத்துப் பருவத்தை ஒரு நேரத்துக்குக் கொண்டுவரும் முறை உண்டு. முதல் நாள் ஓர் ஊசி, ஏழு நாள் கழித்து இன்னொன்று, அதிலிருந்து 56 மணி நேரத்தில் மூன்றாவது, பிறகு 16 மணி நேரம் கழித்துச் சினை ஊசி. செவலை இப்போது சினை இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே இதைத் தொடங்க வேண்டும், இருக்கிற சினையை அந்த ஏழாம் நாள் மருந்து கலைத்துவிடும். மனிதருக்கும் அது தோல் வழியாகவே உடம்பில் ஏறும். நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தாலோ அந்தச் சீசாவைத் தொடவே கூடாது.

வெயில். கருவுக்கு முதல் மூன்று நாள் சூடு ஆகாது; பிறகு மெல்லத் தாங்கும் சக்தி வந்துவிடும். பினாங்கின் புழுக்கத்தில் பனிபோல் தெளிக்கும் குழாய் உதவாது, ஈரம் காயாமல் மேலேயே நிற்கும். முதுகு நனைய ஒரு நிமிடம் தண்ணீர் ஊற்றி, உடனே பெரிய மின்விசிறியைத் திருப்பி விடுங்கள். நண்பகலிலிருந்து மாலை ஐந்து வரை அரை மணிக்கு ஒரு தடவை, ஊசி போட்ட நாளும் அடுத்த மூன்று நாளும். மாலை நாலு மணிக்கு ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38.5 இயல்பு. 39.2-ஐத் தாண்டினால் கொட்டகையில் காற்று போதவில்லை. தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும், கறவை மாடு ஒன்று நாளுக்கு 60 முதல் 100 லிட்டர் குடிக்கும்.

சோதனை. கருவை எடுத்துச் சோதிப்பது உங்களுக்குப் பயன்படாது. ஏழாம் நாள் கருப்பையைக் கழுவி எடுத்தால் அந்தச் சினை அங்கேயே முடிந்தது. கிடைக்கும் பதிலும் அந்த ஒரு கருவைப் பற்றியதுதான். செவலைக்கு முதலில் வேண்டியது கருப்பைப் பரிசோதனை. பருவ வழும்பு கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும், வெள்ளைத் திட்டு கலந்திருந்தால் கருப்பையில் சீழ். அதோடு கொட்டகை முழுவதற்கும் புருசெல்லா ரத்தப் பரிசோதனை. புக்கிட் தெங்காவில் கால்நடைத் துறையின் ஆய்வகம் இருக்கிறது. மாவட்டக் கால்நடை அலுவலகம் வழியாகக் கேளுங்கள்.

நேரத்தைச் சரிசெய்து இன்னும் இரண்டு ஊசியும் தவறினால், அப்போது செவலையின் சொந்தக் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கலாம். 1964இல் சுவீடனில் குஸ்தாவ்சனும் ராக்போர்னும் கண்டுபிடித்த ஒட்டுக் குரோமோசோம் இதில் பெயர்பெற்றது. முதலாவதும் 29ஆவதும் ஒன்றாக ஒட்டி, எண்ணிக்கை 59 ஆகிவிடும். மாடு பார்க்க நன்றாக இருக்கும், கன்றும் ஈனும். சினை தவறுவது மட்டும் கொஞ்சம் கூடும். ஒரு காளையின் விந்து நூற்றுக்கணக்கான மாட்டுக்குப் போவதால், காளையில்தான் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியனில் அது மிக அரிது. உங்கள் செவலையோ இரண்டு முறை ஈன்றவள், எனவே இதை அவளிடம் நான் எதிர்பார்க்கவில்லை. எண் மாறினாலே மலடு என்றும் நினைக்க வேண்டாம்: நம் நாட்டுச் சேற்று எருமைக்கு 48, பாலுக்கு வளர்க்கும் முர்ராவுக்கு 50, இரண்டும் கலந்த குட்டிக்கு 49. அந்தக் கலப்பு எருமையும் ஈனத்தான் செய்கிறது.

ரத்தம் எடுப்பதானால், அது கட்டியாகாமல் காக்கும் ஹெப்பாரின் மருந்திட்ட குழாயில் 10 மில்லி. ஆய்வகத்தில் அந்தச் செல்களை மூன்று நாள் உயிரோடு வளர்த்த பிறகுதான் எண்ண முடியும், எனவே உறையக் கூடாது, ஐஸ் நேரடியாகப் படக் கூடாது, ஒன்றிரண்டு நாளில் போய்ச்சேர வேண்டும். திங்கட்கிழமை எடுங்கள்; வெள்ளிக்கிழமை எடுத்தால் வழியிலேயே செத்துவிடும். செர்டாங்கில் உள்ள யுபிஎம் (புத்ரா மலேசியா) பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலத்தில் இந்தப் பரிசோதனை இப்போது எடுத்துக்கொள்ளப்படுகிறதா என்று உங்கள் மருத்துவரை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஆய்வகக் கரு. இப்போது வேண்டாம். கண்ணாடித் தட்டில் வளர்ந்த மாட்டுக் கருக்களில், குரோமோசோம் எண்ணிக்கை மாறிய செல்கள் கலந்திருப்பது வயிற்றில் வளர்ந்தவற்றைவிட அதிகம். பருவத்தைச் சரியாகக் குறிக்காத கொட்டகையில் அதை வைக்கும் நாளும் தவறிப்போகும். பக்கத்து வீட்டுக் காளையும் வேண்டாம். காளை வழியாகப் பரவும் கருப்பை நோய்கள் கருவைக் கொல்லும், ஒரு மாட்டோடு நிற்காது.

லட்சுமி

இந்தப் பகுதியை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரிகளில் பத்துக்கு ஒன்பதுக்குமேல் மலடு. இதற்கு ஃப்ரீமார்ட்டின் என்று பெயர். வயிற்றில் ஐந்தாறு வாரத்திலேயே இரண்டு நஞ்சுக்கொடிகளின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. ஆண் கன்றின் ஹார்மோன் இவள் பக்கம் ஓடி, கருப்பை வளர்வதைத் தடுத்துவிடும். ரத்த அணுக்களும் கலந்துவிடுவதால், இவள் ரத்தத்தில் பெண்ணுக்குரிய எக்ஸ்-எக்ஸ் செல்களோடு ஆணின் எக்ஸ்-ஒய் செல்களும் இருக்கும். 1916இல் ஃப்ராங்க் லில்லி என்ற அமெரிக்க உயிரியலாளர் இந்த ரத்தக் கலப்பை விளக்கினார். இது முட்டையில் வந்த தவறு இல்லை, வம்சக் குறையும் இல்லை. இவளை ஈன்ற தாய் மறுபடி நன்றாகவே ஈனலாம்.

அரிதாக ஒன்று தப்புவதால் சோதிக்காமல் முடிவெடுக்காதீர்கள். 26 மாதக் கிடாரியில் மருத்துவர் கையை விட்டுப் பார்த்தாலே கருப்பை இருக்கிறதா என்று தெரியும். உறுதி செய்ய இடிடிஏ குழாயில் (இதுவும் ரத்தம் கட்டியாகாமல் காப்பது) 5 மில்லி ரத்தம் எடுத்து, பிசிஆர் முறையில் ஒய் குரோமோசோமின் டிஎன்ஏ தேடலாம். இனி இரட்டை பிறந்தால் ஒரு மாதத்துக்குள் பாருங்கள். வழுவழுப்பான, முனை மழுங்கிய குழாயை மருத்துவர் பிறப்புறுப்பில் மெதுவாக விட்டால், நல்ல கன்றில் 12 முதல் 15 சென்டிமீட்டர் போகும். ஃப்ரீமார்ட்டினில் 5 முதல் 8-லேயே முட்டும்.

மலடு என்று உறுதியானால் மருந்து கிடையாது. கன்று ஈனாத மாடு பால் தராது, ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டு தீனி தின்னும். விற்றவர் மாடு விற்பதையே தொழிலாகக் கொண்டவர், "கறக்கத்தான் வாங்குகிறேன்" என்று நீங்கள் சொல்லி வாங்கியிருக்கிறீர்கள் என்றால், 1957ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி கேட்க உங்களுக்கு இடம் உண்டு. இரட்டை என்பதை அவர் மறைக்கவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் வழக்கறிஞரிடம் போங்கள். வேறொருவருக்கு விற்பதானால் மலடு என்று சொல்லியே விற்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு நேர்ந்தது அடுத்த வீட்டுக்கும் நேரும். அறுவைக்கு அனுப்ப மனம் வராவிட்டால் அதில் தவறில்லை. தீனிக் கணக்கை மட்டும் தனியே எழுதி, கொழுந்தனாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

செவலையை அவர் தள்ளிவிடச் சொல்வதை இப்போது ஏற்காதீர்கள். ஈனக்கூடிய பெண் மாட்டை அறுவைக்கு அனுப்புவதை 1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் கட்டுப்படுத்துகின்றன. கால்நடைத் துறையின் அனுமதி இல்லாமல் அது முடியாது.

மே 24 பருவத்திலிருந்து எண்ணினால் ஜூன் 11 முதல் 17 வரை செவலையைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டிய நாள்கள். அந்த வாரம் யாராவது ஒருவர் விடியல் ஆறு மணிக்குக் கட்டவிழ்த்து அரை மணி நேரம் கூடவே நிற்கட்டும். நின்றால் மணியைக் குறித்து அன்று மாலையே ஊசி. வரவில்லை என்றால் ஜூன் 22க்குப் பிறகு ஸ்கேன், ஸ்கேன் கிடைக்காவிட்டால் ஜூலை முதல் வாரத்தில் கையால் பரிசோதனை. மருத்துவர் வரும் அந்த நாளிலேயே லட்சுமியையும் காட்டிவிடுங்கள்.